பரியாரி இல்லாத பறவை

கிளிநொச்சி என்னும் ஊர்ப்பெயரிலே ஒரு பறவையும் ஒரு மூலிகையும் சேர்ந்து நிற்கின்றன. கிளிகளும் நொச்சிகளும் நிறைந்திருந்தமையால் அப்பெயர் வந்தது என்பது மக்கள் கூறும் விளக்கம். நொச்சி, சளியும் தலைப்பாரமும் கொண்டவர் வேது பிடிக்கும் இலை. கிளி, மரப்பொந்திலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்த பறவை. மருந்தும் பறவையும் ஒரே பெயரில் வாழும் இம்மண்ணிலே, அப்பறவை நோயுற்றால் அதற்கு மருந்து தருவார் யார் என்ற வினாவுக்கு மட்டும் நெடுங்காலம் விடை இருந்ததில்லை. மனிதனுக்குப் பரியாரியார் இருந்தார். பாம்பு தீண்டியவனுக்கு விடகடி வைத்தியர் இருந்தார். எருதுக்கும் எருமைக்கும் மாட்டு வைத்தியர் இருந்தார். கிளிக்கு ஒருவரும் இலர். அவ்வாறு இல்லாமற் போனமைக்குக் காரணம் யாது, வைத்தியர் இல்லாத இடத்தில் வீட்டார் என் செய்தனர், செய்தவற்றுள் எது உயிர் காத்தது, எது உயிர் போக்கியது என்பவை ஆராயத்தக்கன.

இலங்கையில் இயற்கையாக வாழும் கிளி வகைகள் ஐந்து. அவற்றுள் இரண்டு, உலகில் வேறெங்கும் காணப்படாதவை. அவை பெரும்பாலும் ஈரவலயக் காடுகளையே இருப்பிடமாகக் கொண்டவை. வன்னியின் வரண்ட காடுகளிலும் குளக்கரைகளிலும் மிகுதியாகத் தென்படுவது, கழுத்தில் இளஞ்சிவப்பு ஆரம் அணிந்த பச்சைக்கிளி. அதனினும் உருவத்திற் பெரியதாய், தோளிற் செந்நிறத் திட்டுக் கொண்ட வேறொரு கிளியும் உண்டு. பேரரசன் அலெக்சாந்தரின் பெயரை மேனாட்டார் அதற்கு இட்டனர். பாலைப்பழம் பழுக்கும் காலத்திலும், வயலில் நெற்கதிர் முற்றும் காலத்திலும் இவை கூட்டங் கூட்டமாய் வரும். 1861 ஆம் ஆண்டில் எமர்சன் தெனந்து என்பார் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில், எட்கர் லேயார்டு என்னும் இயற்கை நூலறிஞர் சிலாபத்திற் கண்ட காட்சி ஒன்று கூறப்பட்டுள்ளது. மாலை வேளையில் தென்னைகளிலே தங்கவரும் கிளிகளின் ஆரவாரம் கடைத்தெருவின் இரைச்சலையே மூழ்கடித்ததாம். கமக்காரனுக்குக் கிளி ஒரு பகைவன். அவன் பிள்ளைக்கோ அது தோழன். வயலிலே விரட்டப்பட்ட பறவையே வீட்டுக் கூட்டிலே பாலன்னம் பெற்றது.

விலங்குகளுக்கு மருத்துவம் செய்யும் வழக்கம் இந்நாடுகளில் மிகப் பழையது. கிறித்துவுக்கு முன் 3 ஆம் நூற்றாண்டில் ஆண்ட அசோகன், தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் ஆகிய இருவகை மருத்துவத்தை ஏற்படுத்தியதாகக் கூறுகின்றான். தன் ஆட்சிக்குட்பட்ட இடங்களோடு அவன் நிறுத்தவில்லை. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் தாமிரபரணி என்று இலங்கையையும் அங்குப் பெயர் சுட்டி உரைக்கின்றான். கி.பி. 4 ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட புத்ததாசன் தானே மருத்துவம் கற்ற மன்னன். நோயுற்ற நாகமொன்றுக்கு அவன் சிகிச்சை செய்ததாகவும், யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியர்களை நியமித்ததாகவும் பழைய வரலாற்று நூல் கூறுகின்றது. வடமொழியிலே யானை மருத்துவத்துக்குப் பாலகாப்பியர் பெயராலும், குதிரை மருத்துவத்துக்குச் சாலிகோத்திரர் பெயராலும் நூல்கள் வழங்கின. தமிழிலே மாட்டு வாகடங்கள் வழங்கின.

இவ்வரிசையை ஊன்றி நோக்குவோர் ஒன்றை எளிதில் உணர்வர். யானையும் குதிரையும் அரசனுக்குப் போர் செய்தவை. மாடு குடியானவனுக்கு உழுதும் பால் தந்தும் உதவியது. மனிதன் எதனை இழந்தால் வாழ்வு குலையுமோ, அதற்கே முதலில் மருத்துவம் தேடினான். கிளிக்கோ மதிப்பு வேறு விதமாய் அமைந்தது. மதுரை மீனாட்சியின் கையில் அது வீற்றிருக்கிறது. மூவேந்தரும் பறம்புமலையை முற்றுகையிட்ட காலத்தில், கபிலர் கிளிகளைப் பழக்கி, வெளியிலிருந்து நெற்கதிர்களைக் கொண்டுவரச் செய்து, அகப்பட்டிருந்த மக்களின் பசி தீர்த்தார் என்று தமிழ் மரபு போற்றுகின்றது. இத்துணைச் சிறப்புப் பெற்ற பறவைக்கு ஓர் வாகடம் எழுதவேண்டும் என்ற எண்ணம் பரவலாக எழவில்லை.

மேனாட்டு மருத்துவமும் இவ்வழியிலேயே நடந்தது. உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1761 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இலியோன் நகரில் அமைந்தது. வெக்கை எனப்படும் மாட்டுக் கொள்ளைநோய் ஐரோப்பாவை வாட்டிய காலம் அது. இலண்டனில் 1791 இலும், சென்னையில் 1903 இலும் அத்தகைய கல்லூரிகள் தோன்றின. இலங்கையில் பல்கலைக்கழக நிலையிலான கால்நடை மருத்துவக் கல்வி 1947 இல் தொடங்கியது. பேராதனையில் அது தனியொரு பீடமாக உயர்ந்தது 1980 இல். வெக்கையை எதிர்த்து நிற்பதே நெடுங்காலம் அவ்வைத்தியர்களின் தலையாய பணியாயிருந்தது. 1946 உடன் இலங்கையை விட்டு நீங்கிய அந்நோய், 1987 இல் மீண்டும் உட்புகுந்தது. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளின் வழியே அது வந்தது என்று கருதப்படுகின்றது. 1994 இன் பின்னர் அது இந்நாட்டில் தோன்றவில்லை. 2011 இல் உலகினின்றே அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் முற்றாக ஒழிக்கப்பட்ட நோய்களுள், பெரியம்மைக்கு அடுத்தது அதுவே.

பறவைகளுள் முதலில் வைத்தியரின் கண் பட்டது கோழியின் மீது. கோழிகளைக் கூண்டோடு அழிக்கும் வைரசு நோயொன்று 1926 இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் அடையாளம் காணப்பட்டது. மறு ஆண்டில் இந்தியாவின் இராணிக்கேத்திலும் காணப்பட்டமையால் நம் நாடுகளில் அது இராணிக்கேத்து நோய் என்றே பெயர் பெற்றது. வளர்ப்புப் பறவைகளின் மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தது அதனினும் பிந்திய காலத்தில். பறவை வைத்தியர்களுக்கென அமெரிக்காவில் ஒரு சங்கம் எழுந்ததே 1980 இல்தான். ஆகவே, வன்னியிற் கிளி வைத்தியர் இல்லாமற் போனது வன்னியின் குறை மட்டுமன்று. உலகமே அப்பறவையைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தது.

கிளியின் நோயை உலகம் திரும்பிப் பார்த்தது, அந்நோய் மனிதனைத் தாக்கிய பின்னரே. 1879 இல் சுவிட்சர்லாந்தின் ஊசுதர் என்னும் ஊரில், யாக்கோபு இரிட்டர் என்ற மருத்துவர் ஒரு வீட்டைச் சுற்றி எழுவருக்கு விசித்திரமான சுவாசநோய் கண்டதையும், அவருள் மூவர் இறந்ததையும் பதிவு செய்தார். அவ்வீட்டிலிருந்த கூட்டுப் பறவைகளே காரணமென அவர் ஐயுற்றார். 1929, 1930 ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கிளிகள் கப்பலேறிச் சென்ற நாடுகளிலெல்லாம் அதே நோய் பரவியது. வாசிங்டன் நகர ஆய்வுகூடத்தில் அதனை ஆராய்ந்த சார்ல்சு ஆம்சுதிராங்கு நோயுற்றார். அவருடைய உதவியாளர் உயிரிழந்தார். காய்ந்த எச்சத்தின் தூள் மூச்சோடு கலந்து நுரையீரலை அடைவதாலேயே பெரும்பாலும் நோய் தொற்றுகிறது என்பது தெளிவாயிற்று. கிளிகளின் இறக்குமதியை அமெரிக்காவும் பிரித்தானியாவும் தடுத்தன.

இதற்கு மருந்து கிடைத்த வரலாற்றிலே சென்னைக்கும் ஒரு தொடர்புண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமை தாங்கிய இலெடர்லே ஆய்வுகூடத்தில், மண்ணிலுள்ள நுண்ணுயிரொன்றிலிருந்து பெஞ்சமின் தகர் என்பார் புதிய மருந்தொன்றைப் பிரித்தெடுத்தார். 1948 இல் வெளியான அம்மருந்தே, பின்னர் தெத்திராசைக்கிளின் குடும்பம் எனப் பெயர் பெற்றவற்றுள் முதலாவது. அதனைச் சிறுதானிய விதையில் ஊறச்செய்து கிளிகளுக்கு உணவாகவே கொடுக்கலாம் என்பதை 1950 களில் கலிபோர்னியாவில் கார்ல் மேயரும் அவர் குழுவினரும் நிறுவினர். இச்சிகிச்சை 45 நாட்கள் இடைவிடாது நடைபெறவேண்டியது. இரண்டு நாளில் கிளி தெளிவடைந்தது கண்டு மருந்தை நிறுத்துதல் ஆகாது. வெளியே தெளிவு தோன்றினாலும் உள்ளே நோய் எஞ்சி நிற்கும்.

இவ்வறிவெல்லாம் வன்னிக் குடிலுக்கு வந்து சேர்ந்ததா? 1895 இல் ஜே. பி. லூவிசு வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்ட காலத்தில், அது குடித்தொகை குன்றிய காட்டுப் பிரதேசம். யாழ்ப்பாணத்தின் நெருக்கடியைத் தணிப்பதற்காகக் கிளிநொச்சியில் 1936 இல் குடியேற்றத் திட்டம் தொடங்கிய பின்னரும், குடியேறியவர் முதலில் தேடியது நீரையும் நெல்லையும் மாட்டையுமே. கிளி நோயுற்றால் வீட்டாரின் அநுபவமே மருத்துவ நூலாயிற்று. அந்நூலிற் சரியான பக்கங்களும் இருந்தன. பிழையான பக்கங்களும் இருந்தன.

முதற் சரியான பக்கம் வெப்பம். கிளி இறகைச் சிலிர்த்து உருண்டையாக உட்கார்ந்தால், கூட்டைச் சாக்கினால் மூடி, காற்றில்லாத மூலையிலே வைப்பது பழைய வழக்கம். பறவையின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 பாகை. மனிதனுடையது 37 பாகை. அவ்வெப்பத்தைக் காப்பதற்கே சிறு பறவை தன் உணவின் பெரும்பகுதியைச் செலவிடுகின்றது. நோயினால் உண்ணாதிருக்கும்போது வெளியிலிருந்து வெப்பம் உதவினால், மீந்த வலிமை நோயை எதிர்க்கப் பயன்படும். எனவே சுமார் 30 பாகை வெப்பமுள்ள அமைதியான இடமே இன்றும் வைத்தியர் கூறும் முதல் உதவி. மின்சாரம் இல்லாத வீட்டில், வெந்நீர் நிறைத்த போத்தலைத் துணியிற் சுற்றிக் கூட்டின் ஒரு பக்கத்தில் வைத்தால் போதும். மறுபக்கம் வெப்பமின்றி இருந்தால், பறவை தனக்கேற்ற இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். ஆயினும் இங்கேயே ஒரு பிழையும் நேர்வதுண்டு. நலமுள்ள கிளியைக் கையில் எடுத்தாலும் அது மனிதக் கைக்குச் சுடுவதுபோல் இருக்கும். அதனைக் காய்ச்சல் என எண்ணிக் குளிர்ந்த நீர் தெளித்தால், தேடிக் காக்கவேண்டிய வெப்பத்தையே பறிப்பதாகும்.

இரண்டாவது சரியான பக்கம் மிளகாய். போர்த்துக்கேயர் வழியே கீழைத்தேயம் வந்த அக்காய், வன்னியின் பணப்பயிர்களுள் ஒன்றாயிற்று; கிளிக்கும் விருப்ப உணவாயிற்று. மனிதன் நாவை எரிக்கும் காரம் பறவைக்கு உறைப்பதில்லை. காரத்தை உணரும் புலனுறுப்புப் பறவையில் வேறு விதமாய் அமைந்துள்ளது என்பதை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற தாவீது யூலியசும் அவர் குழுவினரும் 2002 இல் விளக்கினர். மிளகாயிலும் முருங்கையிலையிலும் பப்பாசியிலும் பூசணியிலும் உயிர்ச்சத்து ஏ உண்டு. வெறும் நெல்லும் விதையுமே தின்று வளரும் கிளிக்கு அச்சத்துக் குறைந்து, மூக்கும் தொண்டையும் பழுதடைந்து, தொற்றுநோய்க்கு வழி திறக்கும். காரணம் அறியாமலே மிளகாய் ஊட்டிய வீட்டார், நல்லதொரு காரியத்தைச் செய்தனர்.

பிழையான பக்கங்களுள் முதலாவது புகை. வெள்ளையர் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில், நச்சுக் காற்றை முன்னறிவதற்குச் சிறு பறவைகளைக் கூட்டில் இட்டுக் கொண்டுசெல்லும் முறையை ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற அறிஞர் 1890 களில் எடுத்துரைத்தார். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரையும் அவ்வழக்கம் நீடித்தது. மனிதன் உணருமுன்னே பறவை மயங்கி விழும். நுரையீரலோடு காற்றுப்பைகளும் கொண்ட அதன் மூச்சமைப்பு, நல்ல காற்றை விரைந்து உறிஞ்சுவது போலவே நச்சையும் விரைந்து உறிஞ்சும். குளிர் தாக்காதிருக்கட்டும் என்று அடுப்படியிலே கூட்டைத் தூக்குவதும், மண்ணெண்ணெய் விளக்கைக் கூட்டின் கீழ் வைப்பதும், சாம்பிராணி போடுவதும் நன்னோக்கத்தால் விளையும் தீங்குகள். மனிதனுக்கு இதமான நொச்சி வேதும் இதில் அடங்கும். ஊர்ப்பெயரில் இணைந்து நிற்கும் கிளியையும் நொச்சியையும் சிகிச்சையிலே பிரித்து வைத்தல் நன்று.

இரண்டாவது பிழை, மனிதர் குளிசையை உடைத்துக் கொடுத்தல். பச்சைக்கிளியின் எடை சுமார் 120 கிராம். 60 கிலோ எடையுள்ள மனிதனின் 500 இல் ஒரு பங்கு. குளிசையின் சிறு துண்டும் அதற்குப் பெருமருந்து. மூன்றாவது, வாயைத் திறந்து எண்ணெயையோ நீரையோ வார்த்தல். நாவின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால், வார்த்தது நுரையீரலுட் சென்று உயிரை மாய்க்கும். நான்காவது, பாற்சோறு. பாலிலுள்ள இனிப்புப் பொருளைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. கழிச்சலால் மெலிந்த கிளியை அது மேலும் மெலிவிக்கும்.

எல்லாவற்றிலும் கொடிய பிழை காலதாமதம். காட்டிலே நோய்ப்பட்ட பறவை, தன்னைக் கொல்ல வரும் பருந்தின் கண்ணுக்குத் தனித்துத் தெரியும். அதனால் இயன்ற மட்டும் நோயை மறைப்பது அதன் இயல்பு. கூட்டின் தரையில் அது வந்து உட்கார்ந்த நாளையே நோய் தொடங்கிய நாளாக வீட்டார் எண்ணுவர். உண்மையில் நோய் முதிர்ந்த நாள் அது. அதற்கு முன்னரே அடையாளங்கள் சில தோன்றும். காலைப் பேச்சுக் குறையும். பகலிலும் கண் மூடும். மூச்சு விடுந்தோறும் வால் ஏறி இறங்கும். எச்சம் மாறும். நலமுள்ள எச்சத்தில் பச்சை, வெண்மை, தெளிந்த நீர் ஆகிய மூன்றும் பிரிந்து காணப்படும். கூட்டின் அடியில் நாள்தோறும் வெள்ளைத் தாளொன்றை விரிப்பவர் இம்மாற்றத்தை முன்னரே காண்பர். கிழமைக்கொரு முறை சிறு தராசில் நிறுப்பவர், மெலிவையும் முன்னரே அறிவர். இறகு மறைத்த மெலிவைக் கண் அறியாது, தராசு அறியும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் பொறுத்திருத்தல் தகாது.

போர்க்காலம் இந்நிலையை மேலும் கடுமையாக்கியது. 1990 களில் மருந்துகள் பலவும் கட்டுப்பாட்டுடனேயே வன்னிக்குட் சென்றன. யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. மனிதருக்கே மருந்து அரிதான இடத்தில் கிளிக்கு மருந்து கேட்பார் யார்? 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தோர் ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டே புறப்பட நேர்ந்தது. அத்தகைய வேளைகளிலே கூட்டுக் கிளியும் ஒரு வினாவாய் நிற்கும். குஞ்சிலிருந்து கையால் ஊட்டப்பட்ட கிளிக்கு இரை தேடவும் தெரியாது, பருந்துக்கு ஒளியவும் தெரியாது. அதன் கூட்டைத் திறப்பது விடுதலையும் ஆகலாம், கொலையும் ஆகலாம். காட்டுக் குஞ்சை வீட்டுக்குக் கொண்டுவருபவன், 20 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய ஓர் உயிரின் நோய்க்கும் போக்கிடத்துக்கும் அன்றே பொறுப்பேற்றுக்கொள்கின்றான். காட்டு விலங்குகளையும் பறவைகளையும் காக்க 1937 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். பொந்திலுள்ள குஞ்சைப் பொந்திலேயே விடுவது முதல் மருத்துவம்.

இன்று வன்னி மாவட்டங்களில் அரசாங்கக் கால்நடை வைத்தியர்கள் பணிபுரிகின்றனர். மாடும் ஆடும் கோழியுமே அவர்களின் அன்றாடப் பணி. எனினும், கோழியின் நோயறிந்தவர் கிளியின் நோய்க்கு முற்றும் அந்நியர் அல்லர். எச்சத்தை நுண்பெருக்கியிற் பார்த்துப் புழுவுண்டா என அறிதலும், எடைக்கேற்ற மருந்தளவைக் கணித்தலும் அவர்க்கு இயலும். தேவையாயின் பேராதனையில் உள்ளவரோடு தொலைபேசியிற் கலந்து பேசவும் கூடும். அவரிடம் செல்வோர் வெறுங்கையோடு செல்லலாகாது. நோய் கண்ட நாள், உண்ட உணவு, எடைக் குறிப்பு, அன்றைய எச்சம் படிந்த தாள் ஆகியவற்றைக் கொண்டு செல்லவேண்டும். கூட்டைத் துப்புரவு செய்யும்போது எச்சத்தை நீரால் நனைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மறைத்தல் வேண்டும். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் தொடர்ந்தால், வீட்டிற் கிளி உண்டு என்பதை டாக்டரிடம் மறவாது சொல்லவேண்டும். 1879 இல் ஊசுதரில் மாண்டவர்களுக்குக் கிட்டாத மருந்து இன்று உண்டு. ஆனால் நோயை இன்னதென்று அறிந்தாலன்றி அம்மருந்து கைக்கு வராது.

மக்களுக்கும் விலங்குகளுக்கும் இருவகை மருத்துவம் என்று அசோகன் கல்லிற் பொறித்தபோது, யானைக்கு இன்னது, கிளிக்கு இன்னது என வகுக்கவில்லை. வகுத்தவர்கள் பின்வந்தவர்கள், தத்தம் தேவையின் வரிசைப்படி வகுத்தனர். அவ்வரிசையின் கடைசியில் நின்ற பறவைக்கு வைத்தியர் வந்து சேரும்வரை, அதற்கு நீர் வைக்கும் கையும் அதன் காலைக் குரலைக் கேட்கும் செவியுமே காவல். பள்ளிக்குச் செல்லுமுன் கூட்டின் அடியிலுள்ள தாளை மாற்றி, அதனை ஒருமுறை உற்று நோக்கும் சிறுவனோ சிறுமியோ அவ்வீட்டில் இருப்பின், அக்கிளி முற்றும் பரியாரி இல்லாத பறவை அன்று.